இரு பெயர் கொண்ட ஓர் இடம்



பொருநை என்று சொன்னாலும் தாமிரபரணி என்று சொன்னாலும் நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு ஆறு ஒன்றுதான். ஆனால், இப்பக்கத்துக்குப் புதியவர் ஒருவர் வந்து தங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் ஒரே ஆற்றின் பெயர்கள் என்பது அவருக்குத் தெரியாது. 'பொருநையில் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது' என்று தெருவில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கிறார்கள். 'நாம் குளிக்கப் போவது தாமிரபரணியில் அல்லவா? பொருநையில் வெள்ளம் வந்தால் நமக்கென்ன?' என்று அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குத்துறைக்குப் புறப்பட்டு விடுகிறார். அவரை மூடர் என்று சொல்லிவிட முடியுமா? அவர் அறிந்த அளவில் அவர் எண்ணியது சரியே. அறிவிப்பும் பொய்யன்று. ஆயினும் அவர் ஆற்றோடு போய்விடுவார்.

இதே விபத்து கணினிக்குள்ளும் நேருகிறது. நினைவகத்தில் ஓர் இடம். அதற்கு நிரலில் இரண்டு பெயர்கள். ஒரு பெயரைச் சொல்லி அவ்விடத்தில் உள்ளதை மாற்றுகிறோம். மற்றொரு பெயரைச் சொல்லி எடுக்கும்போது பழைய சரக்கே கைக்கு வருகிறது. ஆங்கிலத்தில் இதனை அலையஸிங் என்பார்கள். நாம் 'மறுபெயர்ச் சிக்கல்' என்று வைத்துக்கொள்வோம். கணக்கும் கணினியும் கற்பித்து ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியனாகிய நான் இச்சிக்கலைப் பற்றி இன்று பேச வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பகுதியில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்து, வாய்க்கால் மதகுகளில் நீர்மட்டம் அளந்து சொல்லும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். கருவி மேசையின் மேல் இருந்தவரை ஒழுங்காக வேலை செய்தது. கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால் ஒன்றில் சோதனைக்காக மாட்டியபோது, தண்ணீர் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருக்க, கருவி 0.00 என்று காட்டியது. தண்ணீர் சிறிது இறங்கியவுடன் எண்ணே வரவில்லை; வெறும் கோடுகள் மட்டும் தெரிந்தன. வெள்ளம் வரும்போது 'தண்ணீரே இல்லை' என்று சாட்சி சொல்லும் கருவியை யார் வாங்குவார்கள்? வாங்கி, அதை நம்பி, கரையோரம் படுத்துறங்குபவர்களின் கதி என்ன?

அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். வந்தவுடன், "சார், கம்பைலரில்தான் பிழை, என் நிரலில் ஒன்றுமில்லை" என்றார்.

"ஏலே, கணக்குத் தப்பினால் வாய்பாட்டைக் குறை சொல்லலாமா?" என்று கேட்டேன். நெல்லைப் பக்கத்தில் 'ஏலே' என்பது உரிமைச் சொல் என்பதை வெளியூர் நேயர்கள் அறிய வேண்டும். நாற்பது வயதை எட்டப்போகும் பொறியாளரைக்கூட அவருடைய ஆசிரியர் அப்படி அழைக்கலாம்.

இனி, சிக்கலைப் புரிந்துகொள்ள மூன்று செய்திகள் தேவை. கணினியின் நினைவகத்தை நீண்ட தெரு என்று கொள்வோம். தெருவில் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு ஒரு கதவெண். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைட் குடியிருக்கிறது. பெரிய எண் ஒன்றுக்கு நான்கு வீடுகள் வேண்டும். சிறிய எண்ணுக்கு இரண்டு வீடுகள் போதும். அடுத்தது சுட்டு. ஆங்கிலத்தில் பாயிண்டர் எனப்படுவதைத் தமிழ்ப் பாடநூல்கள் சுட்டு என்று அழகாகவே பெயரிட்டிருக்கின்றன. அ, இ, உ என்பவை சுட்டெழுத்துகள் என்று இலக்கண வகுப்பில் படித்தோம் அல்லவா? சுட்டு என்பது பொருளன்று. பொருளைக் காட்டும் விரல். 'அவன்' என்று ஒருவரும் 'இவன்' என்று மற்றொருவரும் காட்டுகின்ற ஆள் ஒருவனாகவே இருக்கலாம். சி மொழியின் வலிமையும் அபாயமும் இவ்விரலில்தான் இருக்கின்றன.

மூன்றாவது நிரல்பெயர்ப்பி, மாணவர் கம்பைலர் என்றது இதைத்தான். நாம் எழுதும் சி மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது அது. மாற்றுவதோடு நில்லாமல், வீண் நடையைக் குறைத்து வேலையைச் சுருக்கவும் செய்கிறது. இதற்கு உகப்பாக்கம் என்று பெயர். எவ்வளவு சுருக்க வேண்டும் என்று நாமே கட்டளையிடலாம். சுருக்கவே வேண்டாம் என்றால் ஓ-பூஜ்யம். நன்றாகச் சுருக்கு என்றால் ஓ-2. என் மாணவர் மேசைமேல் சோதித்தது பூஜ்யத்தில். வாய்க்காலில் மாட்டியது ஓ-2-இல். சிறு சில்லுக்குள் நிரலை அடக்க அது தேவைப்பட்டிருக்கிறது.

சுருக்குவது எப்படி என்பதற்கு ஊர்க் கணக்கை உவமையாகச் சொல்லுகிறேன். கணக்கர் ஒருவர் இருக்கிறார். அலமாரியில் நஞ்சைக்கு ஒரு புத்தகம், புஞ்சைக்கு ஒரு புத்தகம். வயல் ஒன்றின் விஸ்தீரணத்தை யாராவது கேட்டால், எழுந்து போய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, அதை ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். மறுபடி கேட்டால் எழுவதில்லை; சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். பாதி வேலை மிச்சம். இடையில் யாராவது நஞ்சைப் புத்தகத்தில் திருத்தம் செய்தால், தம் சீட்டைக் கிழித்துவிட்டு மீண்டும் போய்ப் பார்க்கிறார். ஆனால் புஞ்சைப் புத்தகத்தில் திருத்தம் நடந்தால் அவர் அசைவதில்லை. நஞ்சை நிலம் புஞ்சைப் புத்தகத்தில் இருக்காது என்பது சட்டம். சட்டத்தை நம்புவதில் அவர் மீது குற்றமில்லை. இந்தச் சட்டைப் பைச் சீட்டுதான் கணினியில் பதிவகம். நஞ்சை, புஞ்சை என்ற பிரிவுதான் சி மொழியில் தரவினம். முழு எண் ஓர் இனம், பாதி எண் ஓர் இனம், புள்ளி வைத்த பின்ன எண் ஓர் இனம். ஓர் இனத்தின் சுட்டைக் கொண்டு எழுதியது வேறு இனத்துப் பொருளை மாற்றியிராது என்று நிரல்பெயர்ப்பி கொள்ளலாம் என 1989-இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட சி மொழித் தரத்திலேயே விதி இருக்கிறது.

நிலத்தை நஞ்சைப் புத்தகத்திலும் புஞ்சைப் புத்தகத்திலும் இரண்டு பெயரில் பதிந்து வைத்துவிட்டு, ஒன்றில் திருத்தியவுடன் மற்றதும் மாறும் என்று நம்பினால் என்ன ஆகும்? என் மாணவர் அதைத்தான் செய்திருந்தார். நீர்மட்டம் அளக்கும் உணரி, பின்ன எண் ஒன்றை இரண்டு பாதிகளாக அனுப்புகிறது. முன்பாதியைப் பின்னாலும் பின்பாதியை முன்னாலும் அனுப்புவது அந்த உணரியின் வழக்கம். தொழிற்சாலைக் கருவிகளில் இது சாதாரணம். ஆகையால் பாதிகளை இடம் மாற்ற வேண்டும். அவர் முழு எண்ணை நான்கு வீடுகளில் வைத்தார். அதே வீடுகளைப் பாதி எண்ணின் சுட்டு ஒன்றால் காட்டி, இரு பாதிகளையும் இடம் மாற்றினார். பிறகு முழு எண்ணை எடுத்தார். நிரல்பெயர்ப்பியோ, 'பாதி எண்ணின் இனத்தில் ஏதோ எழுதப்பட்டது. முழு எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை' என்று சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து நீட்டிவிட்டது.

எண்ணைக் கொண்டு பார்த்தால் தெளிவாகும். 1.5 என்ற பின்ன எண்ணைக் கணினி 32 பிட்டுகளில் எழுதும்போது முன்பாதி 16320 என்றும் பின்பாதி 0 என்றும் அமையும். பாதிகள் மாறிக் கிடந்தால், முன்பாதி 0, பின்பாதி 16320. இதைப் பின்ன எண்ணாகப் படித்தால், புள்ளிக்குப் பின் நாற்பது பூஜ்யங்கள் கொண்ட அணுவினும் சிறிய எண் வரும். திரையில் அது 0.00. தண்ணீர் 1.32 மீட்டருக்கு இறங்கியபோது பின்பாதி பூஜ்யமன்று. இடம் மாறிய நிலையில் அது கழித்தற் குறியோடு 33 இலக்கம் கொண்ட எண்ணாகிவிட்டது. அவ்வளவு பெரிய எண்ணைக் காட்ட இடமில்லாத திரை கோடு போட்டது. ஆக, கருவியில் மின்கோளாறு ஏதும் இல்லை. அது சொன்னதெல்லாம், இடம் மாறாத பழைய எண்ணை ஒழுங்காகப் படித்த விடைகளே.

இதை நாங்கள் எளிதில் கண்டுபிடித்துவிடவில்லை. ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. முதலில் எங்களைக் குழப்பியது இது: இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, எண்ணைத் திரையில் அச்சிடும் வரி ஒன்றை நிரலின் நடுவே சேர்த்தார், சேர்த்தவுடன் விடை சரியாக வந்தது. எடுத்துவிட்டால் மறுபடி தவறு. வைத்தியரைக் கண்டவுடன் காய்ச்சல் இறங்கிவிடும் நோயாளியை என்ன செய்வது? பிறகுதான் விளங்கிற்று. அச்சிடும் வேலை வெளியிலுள்ள வேறொரு செயற்கூற்றுக்குப் போகிறது. அது நினைவகத்தில் எதைத் தொட்டதோ என்று தெரியாதாகையால், நிரல்பெயர்ப்பி அச்சத்துடன் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி புத்தகத்தைத் திறக்கிறது. திறந்தால் சரியான விடை கிடைக்கிறது.

கணக்குத் தப்பினால் கணக்கைச் சிறிதாக்கு என்று வகுப்பில் சொல்லுவேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளிலிருந்து, தவறு மறையாதவரை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தோம். பதினைந்து வரிகள் மிஞ்சின. அவற்றை ஓ-பூஜ்யத்தில் ஓட்டினால் சரி, ஓ-2-இல் ஓட்டினால் தவறு. அடுத்து, அதே ஓ-2-வுடன், 'இன விதியை நம்பி வேலையைச் சுருக்காதே' என்று சொல்லும் கட்டளை ஒன்றைச் சேர்த்தோம். ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பியில் அதற்கு நோ-ஸ்ட்ரிக்ட்-அலையஸிங் என்று பெயர். தவறு மறைந்தது. இது துப்பு மட்டுமே, தீர்ப்பன்று. ஒரு கட்டளையால் பிழை மறைந்தது என்பதற்காகக் காரணம் அதுவே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிரல்பெயர்ப்பியின் வேலை சிறிது மாறினால் வேறு பிழைகளும் ஒளிந்துகொள்ளும். ஆகையால் இயந்திர மொழியில் அது எழுதிக் கொடுத்ததையே திறந்து பார்த்தோம். பாதிகளை இடம் மாற்றி எழுதும் கட்டளைகள் இருந்தன. அதன்பின் நினைவகத்திலிருந்து எண்ணை மறுபடி எடுக்கும் கட்டளை இல்லை. கணக்கர் எழுந்திருக்கவே இல்லை என்பது அங்கே எழுத்து மூலமாகக் கிடைத்தது.

அப்போது அவர் ஒன்று சொன்னார். குறை சொல்லும் குரலில் அன்று. வெறுமனே நினைவுபடுத்துவது போல. "சார், இது நீங்கள் மாலை வகுப்பில் காட்டித் தந்த வழிதானே?"

உண்மைதான். 2001-ஆம் ஆண்டு வாக்கில் பள்ளி முடிந்த பிறகு ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குச் சி மொழி சொல்லிக் கொடுத்தேன். நீண்ட எண்ணைச் சிறிய எண்ணின் சுட்டால் காட்டி, பாதி பாதியாகப் பிரித்துக் காட்டுவது அவ்வகுப்பின் வாணவேடிக்கை. பிள்ளைகள் கை தட்டுவார்கள். அன்று எங்களிடம் இருந்தது போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி. அது இவ்வகையில் வேலையைச் சுருக்குவதில்லை. எனவே என் வித்தை எப்போதும் பலித்தது. விதி அப்போதே பன்னிரண்டு வயதாகியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் படித்த புத்தகத்தில் இல்லை, நானும் தேடவில்லை. பலிக்கிறது என்பதனாலேயே ஒன்றைச் சரி என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். இருபது ஆண்டு கழித்து அது ஒரு மதகில் போய்த் தொங்கிக்கொண்டு, தண்ணீர் இல்லை என்கிறது.

நேயர்களில் கணினி அறிந்தவர்கள் கேட்கலாம்: இரண்டு சுட்டுகள் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா இல்லையா என்பதை நிரல்பெயர்ப்பியே கண்டுபிடித்துக்கொள்ளக் கூடாதா? கூடாது என்பதன்று, முடியாது. 1992-இல் வில்லியம் லாண்டி என்பவரும், 1994-இல் ஜி. ராமலிங்கம் என்பவரும் இதை நிறுவினார்கள். நம் தெருக்களில் கேட்டுப் பழகிய பெயரைக் கொண்ட ராமலிங்கம் எழுதிய கட்டுரை ஐந்தே பக்கம். கிளைப்பாதைகளும் சுழற்சிகளும் விரும்பியபடி வளரும் தரவமைப்புகளும் உள்ள மொழியில், எல்லா நிரல்களுக்கும் இக்கேள்விக்குத் தவறாமல் விடை சொல்லும் பொதுவழி எதுவும் இருக்க முடியாது என்பது அதன் சாரம். விரைவில் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருக்கத் தக்க குறையன்று இது; கணிதத்தின் எல்லை. விடை தெரியாதபோது நிரல்பெயர்ப்பிக்கு இரண்டே வழிகள். எல்லாவற்றையும் சந்தேகித்து ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைத் திறந்து பார்த்து மெதுவாக நடப்பது ஒன்று. நிரல் எழுதியவர் கொடுத்த வாக்குறுதியை நம்பி வேகமாக நடப்பது மற்றொன்று.

1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி இரண்டாம் வழியைச் சேர்ந்தது. செயற்கூறு ஒன்றுக்கு இரண்டு பெயர்களில் ஒரே பொருளைக் கொடுத்து அதை மாற்றக் கூடாது என்பது அம்மொழியின் ஒழுங்கு. விஞ்ஞானக் கணக்குகளில் ஃபோர்ட்ரான் வேகத்துக்குப் பேர்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி படைத்த சி மொழி, சுட்டு விரலை இஷ்டம் போல நீட்டலாம் என்ற சுதந்திரத்தில் வளர்ந்தது. தரம் வகுக்கும் குழுவினர், வேகத்தை நாடி, நோஅலையஸ் என்ற புதுச்சொல் ஒன்றை மொழியில் புகுத்த முனைந்தபோது, 1988-இல் ரிச்சி அதை மிகக் கடுமையாக எதிர்த்து எழுதினார், குழுவும் கைவிட்டது. ஆனால் இன விதி தரத்தில் இடம் பெற்றுவிட்டது. பின்னர் 1999-ஆம் ஆண்டுத் தரத்தில், 'இந்த இடத்துக்கு வேறு பெயர் இல்லை' என்று நிரல் எழுதுபவரே வாக்களிக்கும் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல் வந்து சேர்ந்தது. வாக்கு பொய்த்தால் விளைவுக்கு யாரும் பொறுப்பல்லர்.

விதி நல்லதா கெட்டதா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே ஒருமைப்பாடு இல்லை. லினக்ஸ் இயக்க முறைமையின் கருநிரல், நான் முன்பு சொன்ன அந்தக் கட்டளையைப் போட்டே பெயர்க்கப்படுகிறது. இன விதியை நம்ப வேண்டாம் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் முதலியோரின் துணிபு. வன்பொருளோடு நேரே பேசும் நிரலில், ஒரே இடத்தைப் பல இனமாகப் பார்ப்பது அன்றாடத் தேவை என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. பைத்தான் மொழியைப் படைத்தவர்கள் வேறு வழியில் சென்றார்கள். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடநூலில் கற்கும் அதே பைத்தான்தான். அதன் அடித்தளம் சி மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் 2-இல் ஒவ்வொரு பொருளின் தலைப்பகுதியும் இரண்டு வேறு இனங்களின் பெயரால் தொடப்பட்டு வந்தது. அதனால் அதுவும் இக்கட்டளையின் நிழலில்தான் பெயர்க்கப்பட்டது. 2007-இல் இதைத் திருத்துவதற்கான முன்மொழிவு வந்தது. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3-இல், எல்லாப் பொருளின் முதல் உறுப்பாகவும் ஒரே தலைப்பை உள்ளே பொதிந்து வைத்து, விதிக்கு உட்பட்ட அமைப்பாக மாற்றிவிட்டார்கள். கட்டளையைப் போட்டுவிட்டுப் போவதைக் காட்டிலும் இது மிகுந்த உழைப்பு. எனக்குப் பிடித்தது இந்த வழி.

என் மாணவருக்கு முதலில் தோன்றிய பரிகாரம், வாலடைல் என்ற சொல்லை எங்கும் தூவிவிடுவது. வன்பொருள் தானாகவே மாற்றக்கூடிய இடங்களுக்கு உரிய சொல் அது. 'ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்' என்று சொல்லுவதற்கு ஏற்பட்டது. இங்கே மாற்றியது வன்பொருளன்று, நாமே. தலைவலிக்கு உரிய மாத்திரையை வயிற்று வலிக்குக் கொடுத்தால் சில சமயம் வலி நிற்கலாம், வைத்தியமாகிவிடாது. கட்டளையைப் போட்டு முடித்துவிடலாம் என்றார் அடுத்தபடியாக. அதுவும் பயன்படும், ஆனால் நாளைக்கு வேறொருவர் இந்த நிரலை எடுத்து, அக்கட்டளை இல்லாமல் பெயர்த்தால் பழைய குட்டை பழைய தண்ணீர்தான்.

சரியான பரிகாரம் மிக எளியது என்பதுதான் வேடிக்கை. பாதிகளை இடம் மாற்றுவதற்குச் சுட்டே தேவையில்லை. முழு எண்ணை 16 இடம் இடப்பக்கம் தள்ளு; அதே எண்ணை 16 இடம் வலப்பக்கம் தள்ளு; இரண்டையும் சேர். வெறும் எண்கணிதம். எந்த விரலும் யாரையும் காட்டுவதில்லை; ஆகையால் மறுபெயரும் இல்லை. பிறகு, முழு எண்ணாக உள்ள அதைப் பின்ன எண்ணாகப் படிக்க வேண்டும். அதற்கு மெம்காப்பி என்ற செயற்கூற்றைக் கொண்டு, நான்கு பைட்டுகளையும் பின்ன எண்ணுக்கென்று தனியே வைத்த இடத்துக்கு நகலெடுத்தோம். நகலெடுத்தால் வேகம் குறையுமே என்று அவர் தயங்கினார். பெயர்த்துப் பார்த்தோம்: நிரல்பெயர்ப்பி எங்கள் கருத்தைப் புரிந்துகொண்டு, நகலெடுக்கும் வேலையையே நீக்கிவிட்டு, பதிவகத்திலிருந்து பதிவகத்துக்கு மாற்றும் ஒரே கட்டளையாகச் சுருக்கியிருந்தது. உண்மையை ஒளிக்காமல் சொன்னவனுக்கு அது வேகத்தையும் கொடுத்துவிட்டது.

யூனியன் என்னும் கூட்டமைப்பைப் பயன்படுத்துவதும் சி மொழியில் செல்லும். ஒரே இடத்துக்கு இரண்டு இனப் பெயர்கள் உண்டு என்று முன்கூட்டியே பதிவு செய்வது அது. ஆனால் சி++ மொழிக்குப் போனால் அச்சலுகை இல்லை. இரண்டிலும் எழுதுகிறவர்கள் நினைவில் கொள்க. எழுத்தினத்தின் சுட்டுக்கு மட்டும் எப்போதும் விலக்கு உண்டு. நில அளவையாளர் தம் சங்கிலியோடு நஞ்சையிலும் இறங்கலாம், புஞ்சையிலும் இறங்கலாம் அல்லவா? அதுபோல, எந்தப் பொருளையும் பைட் பைட்டாக எழுத்தினச் சுட்டால் பார்க்கலாம். இதைத் தலைகீழாகக் கொண்டு, எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய வரிசையை முழு எண்ணின் சுட்டால் படிக்கலாம் என்று எண்ணுவோர் பலர். அது விலக்கில் அடங்காது. கருவிகளிலிருந்து வரும் செய்தியைப் பிரித்துப் படிக்கும் நிரல்களில் பெரும்பாலான தவறுகள் இவ்வாசல் வழியாகத்தான் நுழைகின்றன என்பது என் அனுமானம்.

எச்சரிக்கை செய்யும்படி நிரல்பெயர்ப்பியைக் கேட்கலாம். ஆனால் அது எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. கண்முன் நடக்கும் இனமாற்றத்தைச் சொல்லும். நான்கு கோப்புகள் தள்ளி நடப்பது அதன் கண்ணில் படாது. கிளாங் என்ற நிரல்பெயர்ப்பியில் 2025-இல் வெளிவந்த 20-ஆம் பதிப்பிலிருந்து, நிரல் ஓடும்போதே இத்தகைய விதிமீறலைக் காட்டிக்கொடுக்கும் டைப் சானிட்டைசர் என்ற வசதி இருக்கிறது. முப்பத்தாறு ஆண்டு வயதுள்ள விதிக்கு இவ்வளவு காலம் கழித்து ஒரு காவலாள்! விதியைப் போடுகிறவர்கள் கூடவே அதைக் கற்பிக்கவும் வழி செய்திருந்தால், நல்ல நிரலர்கள் எத்தனையோ பேர் 'கம்பைலரில் பிழை' என்று இரவெல்லாம் விழித்திருக்க மாட்டார்கள். என் மாணவர் சொன்னது தவறுதான். ஆனால் அவரை அத்தவறுக்கு அனுப்பி வைத்தவர்கள் புத்தகம் எழுதியவர்களும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் அல்லவா?

அந்த மாலை வகுப்பின் பழைய குறிப்பேடு பரணில் இருந்தது. இறக்கித் தூசு தட்டி, அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டு, தள்ளிச் சேர்க்கும் வழியைப் பக்கத்தில் எழுதினேன். அதே வகுப்பில் இருந்த இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரில் முகவரி தெரிந்த ஏழு பேருக்குக் கடிதம் போட்டேன். இருவர் பதில் எழுதினார்கள். ஒருவர் இப்போது கணினிப் பக்கமே இல்லை. பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மற்றவர், தம் நிரலில் தேடிப் பார்த்ததாகவும், மூன்று இடங்களில் அதே வித்தை கிடைத்ததாகவும், நல்லவேளையாக அது ஓ-பூஜ்யத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, திருத்திய கருவியை அதே மதகில் மாட்டினார்கள். நானும் போயிருந்தேன். கரையில் அடி வரைந்த அளவுகல் ஒன்று நிற்கிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், நிரலும் வேண்டாம். கருவி 1.32 என்றது. நான் குனிந்து கல்லைப் பார்த்து மீட்டருக்கு மாற்றிச் சொன்னேன்: 1.35. அவர் முகம் சிறிது வாடியது. "சார், இது சுட்டுப் பிழையன்று, உணரியை மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டிவிட்டோம்" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.